காலி பாட்டிலுக்குக் காசு: டெபாசிட் முறை எப்படி இயங்குகிறது?

ஜெர்மனியின் மலிவு விலைக் கடைகளில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால், விலை அட்டையில் இரண்டு தொகை போட்டிருக்கும். ஒன்று தண்ணீருக்கு. இன்னொன்று பாட்டிலுக்கு, 25 சென்ட். பல வருடங்கள் அந்தக் கடைகளில் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடப் பாட்டிலுக்கான தொகைதான் அதிகமாக இருந்தது. குடித்து முடித்து, காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அந்த 25 சென்ட்டும் முழுதாகத் திரும்ப வரும். கொடுக்காவிட்டால் போனது போனதுதான்.

டெபாசிட் முறை என்பது இவ்வளவுதான். பானத்தை விற்கும்போது பாட்டிலுக்கென்று ஒரு முன்பணம் வாங்கிக்கொள்வது, பாட்டில் திரும்பும்போது பணத்தைத் திருப்பித் தருவது. இது வரி இல்லை, அபராதமும் இல்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவருக்கு ஒரு பைசா செலவில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. சென்னையில் குடிவந்த முதல் வாரம் தண்ணீர் கேன் போடச் சொன்னால், கேன்காரர் தண்ணீர்க் காசோடு 'கேன் அட்வான்ஸ்' என்று தனியாக ஒரு தொகை கேட்பார். அப்புறம் ஒவ்வொரு முறையும் காலி கேனை வாசலில் வைத்தால் நிரம்பிய கேன் வரும், தண்ணீருக்கு மட்டும் காசு. வீடு மாறும்போது கேனைக் கொடுத்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கோலி சோடாவும் அப்படித்தான். கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைக் கிரேட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கண்ணாடி பாட்டிலில் கலர் வந்த காலத்தில் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் கடைக்காரர் பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்.

இதற்கெல்லாம் எந்த அரசாணையும் போடவில்லை. ஏன் தேவைப்படவில்லை என்று யோசித்தால் இந்த விஷயத்தின் பாதி புரிந்துவிடும். சோடாக் கம்பெனிக்கு அந்தப் பாட்டில் வேண்டும். பாட்டில்தான் அவர்களுடைய மூலதனம். திரும்பி வராவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் அவர்களே டெபாசிட் வைத்தார்கள், அவர்கள் வண்டியே காலி பாட்டிலை ஏற்றிக்கொண்டு போனது.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலும் அலுமினிய டின்னும் ஒரே முறை பயன்படுத்தும் கண்ணாடி பாட்டிலும் வந்ததும் கணக்கு மாறியது. காலி பாட்டில் கம்பெனிக்குத் தேவையில்லாத பொருளாகிவிட்டது. திரும்ப ஏற்றிவரும் செலவு இல்லை, கழுவும் ஆலை வேண்டாம், ஒரே ஆலையில் நிரப்பி எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம். கம்பெனி மிச்சப்படுத்திய அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. ஊராட்சியும் மாநகராட்சியும் குப்பை அள்ளுவதில் அதைச் சுமக்கின்றன. தூய்மைப் பணியாளர்கள் கையால் பொறுக்குகிறார்கள். வயலில் நாற்று நடுகிறவர்களின் காலை உடைந்த கண்ணாடி கிழிக்கிறது. அரசு உள்ளே வர வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்ட பாட்டிலுக்குச் சட்டத்தின் மூலம் மறுபடி ஒரு விலை வைப்பதுதான் டெபாசிட் கொள்கை.

பணம் போகும் வழி

சட்டம் போட்ட முறையில் பணம் இப்படி நகர்கிறது. பானக் கம்பெனி கடைக்கு விற்கும்போது பாட்டிலுக்கான டெபாசிட்டையும் சேர்த்து வாங்குகிறது. கடை அதை நம்மிடம் வாங்குகிறது. நாம் எந்தக் கடையில் திருப்பிக் கொடுக்கிறோமோ அந்தக் கடை நமக்குப் பணம் தருகிறது. வாங்கிய கடையும் கொடுத்த கடையும் வேறாக இருக்கலாம், ஆகவே கணக்குப் பார்த்து நேர்செய்ய நடுவில் ஒரு அமைப்பு வேண்டும். ஜெர்மனியில் அந்த வேலைக்காக 2005-ல் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாட்டிலில் அச்சிடும் குறியை முடிவு செய்வதும் அந்த நிறுவனம்தான். பாட்டிலும் டின்னும் வளைந்த அம்புக்குறியோடு இருக்கும் அந்தச் சின்னத்தைத் தனி மையில் அச்சிடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரம் பாட்டிலை உருட்டிப் பார்த்து, பார்கோடையும் அந்தக் குறியையும் சரிபார்த்து, உடனே பாட்டிலை நசுக்கிவிடும். நசுக்காவிட்டால் அதே பாட்டிலை நாளைக்கும் கொண்டுவந்து காசு கேட்கலாம் அல்லவா? கடைசியில் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம்.

திரும்பி வராத பாட்டில்களின் பணம் யாருக்கு? கொள்கை எழுதும்போது அதிகம் சண்டை நடப்பது இதற்குத்தான். ஜெர்மனியில் அது பானக் கம்பெனிகளிடமே தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் முக்கால் பங்கு சுற்றுச்சூழல் சீரமைப்புக்காக அரசுக்கும், கால் பங்கு கடைகளுக்கும் போகிறது. எனக்கு மிச்சிகன் வழிதான் நியாயமாகப் படுகிறது. பாட்டில் குறைவாகத் திரும்பினால் அதிக லாபம் என்ற நிலையில், பாட்டிலைத் திரும்ப வாங்கும் பொறுப்பில் இருப்பவரை வைக்கக் கூடாது.

அடுத்தது தொகை. அமெரிக்காவிலேயே முதன்முதலாக 1971-ல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் ஓரிகன். அப்போது வைத்தது 5 சென்ட். நாற்பது வருடத்துக்கு மேல் அதே 5 சென்ட் நீடித்தது. விலைவாசி ஏற ஏற அந்தக் காசுக்காகக் குனிந்து பாட்டிலை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. 2015-ல் மூன்றில் இரண்டு பங்குகூடத் திரும்பவில்லை. நல்ல வேளை, 2011-ல் சட்டத்தில் ஒரு விதி சேர்த்திருந்தார்கள்: தொடர்ந்து இரண்டு வருடம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் டெபாசிட் தானாக 10 சென்ட் ஆகும். 2017 ஏப்ரல் 1 முதல் ஆனது. இரண்டே வருடத்தில் திரும்பும் அளவு மறுபடி 80-ஐத் தாண்டியது. தொகையை நிரந்தரமாக எழுதிவைக்காமல், குறி தவறினால் ஏறும்படி எழுதியதுதான் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது.

நார்வேக்காரர்கள் கம்பெனிகளின் பக்கத்திலிருந்து பிடித்தார்கள். பாட்டில், டின் ஒவ்வொன்றுக்கும் சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பி வரும் விழுக்காடு கூடக் கூட வரி குறையும், 95 விழுக்காட்டை எட்டினால் அந்த வரியே கிடையாது. திரும்ப வாங்கும் ஏற்பாட்டை ஒழுங்காக நடத்துவது கம்பெனிகளுக்கே லாபமாகிவிட்டது.

லிதுவேனியா 2016-ல் 10 சென்ட் டெபாசிட் வைத்தது. அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பெட் பாட்டில்தான் சேகரமானது, இரண்டு வருடத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். அயர்லாந்து 2024-லும் ஆஸ்திரியா 2025-லும் சேர்ந்துகொண்டன. 2029-க்குள் பிளாஸ்டிக் பாட்டில், டின் இரண்டிலும் 90 விழுக்காட்டைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதித்திருக்கிறது.

திரும்பி வந்த பாட்டில் என்ன ஆகிறது?

பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் பாட்டில் திரும்பியதோடு நின்றுவிடுகின்றன. திரும்பி வந்தபின் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, நசுக்கி, உருக்கி, புதிய பொருளாக்குவது. இன்னொன்று, கழுவி மறுபடி அதே பாட்டிலில் நிரப்புவது. முதலாவது மறுசுழற்சி, இரண்டாவது மறுநிரப்பு. இரண்டுக்கும் டெபாசிட் உண்டு, வாங்குகிறவருக்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஆனால் சூழலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றில்லை. கண்ணாடியை உருக்க உலையை ஆயிரத்து ஐந்நூறு டிகிரி வரை சூடாக்க வேண்டும். கழுவுவதற்குச் சூடான காஸ்டிக் சோடா கரைசல் போதும்.

ஜெர்மனியின் கதை இங்கேதான் பாடமாகிறது. அங்கே டெபாசிட் சட்டம் வந்ததே மறுநிரப்பு பாட்டில்களைக் காப்பாற்றத்தான். பியரும் மினரல் வாட்டரும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கழுவி நிரப்பும் பாட்டிலில்தான் வந்தன. 1991-ல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கிளாவுஸ் டோப்ஃபர் காலத்தில் ஒரு பேக்கேஜிங் விதி வந்தது. நாட்டில் விற்கும் பானங்களில் மறுநிரப்பு பாட்டிலின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் கட்டாய டெபாசிட் வரும் என்பது அதன் சாரம். மிரட்டலாக எழுதிய விதிதான். 1997-ல் பங்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. வழக்கு, எதிர்ப்பு எல்லாம் தாண்டி, பசுமைக் கட்சி அமைச்சர் யூர்கன் டிரிட்டின் 2003 ஜனவரி 1-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

முதல் சில வருடங்கள் குழப்பம். பல கடைகள் டின்களை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. சில பெரிய கடைகள் தங்களுக்கென்று தனி வடிவப் பாட்டில் செய்துகொண்டு, அதை மட்டும்தான் திரும்ப வாங்குவோம் என்றன. 2006 மே மாதம் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் விற்கிற கடை எந்தப் பிளாஸ்டிக் பாட்டில் வந்தாலும் வாங்க வேண்டும், டின் விற்கிற கடை எந்த டின்னையும் வாங்க வேண்டும், டெபாசிட் எல்லாவற்றுக்கும் 25 சென்ட். அதன்பிறகு முறை கடிகாரம் போல ஓடுகிறது. கிட்டத்தட்ட 98 விழுக்காடு திரும்புகிறது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற முறை அது.

காப்பாற்ற நினைத்த மறுநிரப்பு பாட்டில் என்ன ஆனது? 2003, 2004-ல் கொஞ்சம் ஏறியது, மூன்றில் இரண்டு பங்கு வரை போனது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. இப்போது நாற்பதைச் சற்றுத் தாண்டிய அளவில் நிற்கிறது. சட்டம் 70 விழுக்காடு வேண்டும் என்கிறது, எட்டாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டாம். எந்தப் பாட்டிலாக இருந்தாலும் கடைக்குத் தூக்கிப் போகத்தான் வேண்டும் என்று ஆனபின், வாங்குகிறவர் எடை குறைந்த, விலை குறைந்த பெட் பாட்டிலை எடுத்தார். மலிவு விலைக் கடைகளும் மறுநிரப்பு பாட்டில்களைத் தொடவில்லை. கிரேட்டை அடுக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும். நசுங்கிய பெட் பாட்டிலுக்கு ஒரு மூட்டை போதும். அதோடு, தரம் பிரித்துச் சுத்தமாகத் திரும்பும் பெட் பிளாஸ்டிக் நல்ல விலைக்குப் போகிற மூலப்பொருள். டெபாசிட் தொகையில்கூட வேடிக்கையான நிலைமை உண்டு: மறுநிரப்பு பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், மினரல் வாட்டர் பாட்டிலுக்கு 15 சென்ட், ஒருமுறை பாட்டிலுக்கு 25 சென்ட். தொகை அதிகமாக உள்ள பாட்டில்தான் சூழலுக்கு நல்லது என்று நம்பியவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

டெபாசிட் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரும். அதை நிரப்பச் சொல்லாது. நிரப்ப வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சட்டத்தில் எழுத வேண்டும். ஆஸ்திரியா அப்படி எழுதியது. 25 சென்ட் டெபாசிட் 2025-ல் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, பெரிய கடைகள் குறிப்பிட்ட அளவு பானங்களை மறுநிரப்பு பாட்டிலிலும் வைத்து விற்றாக வேண்டும் என்று விதித்துவிட்டது.

கழுவி நிரப்ப என்ன வேண்டும்?

முதலில் பொதுவான பாட்டில் வேண்டும். ஜெர்மனியின் மினரல் வாட்டர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து 1969-ல் ஒரே மாதிரி பாட்டிலுக்கு மாறினார்கள். கியூன்டர் கூபெட்ஸ் என்பவர் வடிவமைத்த 0.7 லிட்டர் பாட்டில். நடுவில் இடுப்பு போல ஒடுங்கி, மேலே சோடாக் குமிழிகள் போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கும். வடக்கே உள்ள ஊற்றுக்காரர் நிரப்பிய பாட்டிலைத் தெற்கே உள்ளவர் கழுவித் தன் லேபிளை ஒட்டி விற்கலாம். யாருடைய பாட்டில் என்று பிரிக்கவே தேவையில்லை. காலி பாட்டில் நாடு முழுக்க வண்டியில் அலையாமல், பக்கத்து ஆலைக்குப் போனால் போதும்.

அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வயதைக் கண்டுபிடிக்கலாம். அகலமான இடங்களில், மேலே ஒன்று கீழே ஒன்றாக, வெள்ளையாகத் தேய்ந்த இரண்டு வளையங்கள் இருக்கும். ஆலைப் பட்டையில் ஓடும்போது பாட்டிலும் பாட்டிலும் உரசிய தடம். புதுப் பாட்டிலில் வளையம் இருக்காது. பத்து இருபது முறை சுற்றியதில் நன்றாகத் தெரியும். ஒரு கண்ணாடி பாட்டில் ஐம்பது சுற்று வரை தாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சூடான கரைசலில் ஊறி, லேபிள் உரிந்து, கேமரா முன்னால் போகும். வாய் உடைந்ததும் கீறல் விட்டதும் அங்கேயே ஒதுங்கிவிடும்.

தூரமும் முக்கியம். கண்ணாடி கனமானது. கழுவும் ஆலை பக்கத்தில் இருந்தால் மறுநிரப்புதான் சிறந்தது. எண்ணூறு கிலோமீட்டர் லாரியில் போய் வர வேண்டியிருந்தால் அந்த மேன்மை டீசலில் கரைந்துவிடும். மோசமானது எது என்று கேட்டால், ஒரே முறை பயன்படுத்தி உடைக்கும் கண்ணாடி பாட்டில்தான். பிளாஸ்டிக் இல்லையே என்று நிம்மதிப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நீலகிரியில் தொடங்கியது

ஒரே முறை பயன்படுத்தும் கண்ணாடி என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரே இடம்தான் நினைவுக்கு வரும்: அரசின் டாஸ்மாக் மதுக்கடை. நீலகிரி மலைக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டுக் காட்டில் எறியும் பாட்டில் உடைந்து, யானையின் காலில் ஏறுகிறது. யானையின் பாதம் கீழே மெத்தென்று இருப்பது. உள்ளே ஏறிய கண்ணாடி புண்ணாகிச் சீழ் பிடித்தால், அத்தனை பெரிய உடம்பைத் தாங்கி நடக்க முடியாமல் அந்த விலங்கு படும் பாடு சொல்லி மாளாது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இது வழக்காக வந்தது. நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கேரளத்திலும் 2025-ல் மதுக்கடைகளில் 20 ரூபாய் வைத்து முயன்று பார்க்கத் தொடங்கினார்கள்.

10 ரூபாய் என்பது நன்றாகத் தேர்ந்தெடுத்த தொகை. குடித்தவர் எறிந்தாலும், அந்தப் பக்கம் போகிற இன்னொருவர் எடுத்துக் காசாக்கிக்கொள்வார். ஜெர்மன் நகரங்களிலும் முதியவர்கள் சிலர் பூங்கா பூங்காவாகப் பாட்டில் சேர்த்து வாழ்க்கையை ஓட்டுகிறார்கள்.

இயந்திரம் இல்லாத முறை என்பதால் சுமை முழுவதும் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் கையால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மாலை நேரக் கூட்டத்தில் விற்பனையும் பார்த்து, திரும்பி வரும் பாட்டிலையும் எண்ணி வாங்கி, மூட்டை கட்டி அடுக்க வேண்டும். இடம் போதவில்லை, தனி ஆள் வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் போராடியதில் முழு நியாயம் இருக்கிறது. வெளிநாடுகளில் கடைகளுக்குப் பாட்டிலுக்கு இவ்வளவு என்று கையாளும் கூலி கொடுப்பது சாதாரணம். குறியை ஆலையிலேயே லேபிளோடு அச்சிட்டுவிட்டால் ஸ்டிக்கர் வேலையே இல்லை. இது இரண்டும் இல்லாமல் மாநிலம் முழுக்க நடத்தினால், நல்ல திட்டம் கல்லா முன்னால் சண்டையாகிப் போகும்.

அடுத்த கேள்வி, ஜெர்மனி தடுக்கி விழுந்த அதே கேள்வி: சேர்ந்த பாட்டில்கள் எங்கே போகின்றன? பியர் பாட்டில்களைக் காயலான் கடை வழியாகத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புவது இந்தியாவில் வெகுகாலமாக நடந்துவருகிறது. குவார்ட்டர் பாட்டில்கள் கம்பெனிக்கு ஒரு வடிவம், பிராண்டுக்கு ஒரு வடிவம். பிரிப்பதே பெரும் வேலை என்பதால் உடைத்து உருக்குவது எளிதாகிவிடுகிறது.

இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஜெர்மனியிடம் இல்லாத வசதி இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான கடைகளையும் நூற்றுக்கணக்கான கம்பெனிகளையும் சட்டத்தால் இழுக்க வேண்டியிருந்தது. இங்கே 1983 முதல் மொத்த விற்பனையும் 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் ஒன்றின் கையில். மாநிலத்தின் மது ஆலைகளுக்கு உள்ளூரில் ஒரே வாடிக்கையாளர் அரசுதான். 180 மில்லிக்கு ஒரே வடிவப் பாட்டில், லேபிளிலேயே டெபாசிட் குறி, கொள்முதலில் இத்தனை விழுக்காடு கழுவி நிரப்பிய பாட்டிலாக இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும், சட்டமன்றத்துக்குக்கூடப் போக வேண்டாம். பிராண்டை லேபிளில் காட்டிக்கொள்ளட்டும். ஆலைகளும் கடைகளும் ஒரே மாநிலத்துக்குள் இருப்பதால் தூரமும் பிரச்சினை இல்லை. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியிலேயே பாட்டில் திரும்பிப் போகலாம்.